மத்தியான வேளையில் வந்தவர்

திருப்புல்லாணிக்கு மேற்கே ஒரு சின்ன ஊரில் செல்லச்சாமி என்றொரு சம்சாரி இருந்தார். சொந்த நிலத்தில் மிளகாய். அது போதாதென்று ஊர்க்காரர்களின் வத்தலையும் வாங்கிப் பரமக்குடிக்கு லாரி ஏற்றுவார். கருவேலங்காட்டைக் குத்தகைக்கு எடுத்து, கரிமூட்டம் போட்டு, மூட்டை மூட்டையாகக் கீழக்கரைக்கு அனுப்புவார். ஊர்ப் பஞ்சாயத்தோ கல்யாணப் பேச்சோ கோயில் கமிட்டியோ, அவர் வராமல் ஆரம்பிக்காது. சோற்றைப் பிசையும்போதே ஒரு கால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம் தை மாதத்தில் அவர் மனைவி ராமலெட்சுமிக்கு இடுப்புக்குக் கீழே விளங்காமல் போயிற்று. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினார். இனி மருந்தைவிடப் பக்கத்துணைதான் முக்கியம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பிள்ளைகள் கிடையாது. செல்லச்சாமி கொழுந்தியாள் பஞ்சம்மாளைக் கூட்டிவந்து வைத்தார். இலவம்பஞ்சு மெத்தையும் மேசை விசிறியும் வாங்கிப் போட்டார். மறுநாளே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்பிவிட்டார். மாசி பிறந்தால் வத்தல் களத்துக்கு வந்துவிடுமே!

ஒருநாள் பொழுது சாய வீடு திரும்பியவரைப் பார்த்து ராமலெட்சுமி கேட்டாள்:

“சேதுக்கரையில என் கொலுசு தொலைஞ்சத சொல்லிக்கிட்டிருந்தேன்ல, பாதியில எந்திரிச்சுப் போயிட்டீகளே?”

“எப்ப?”

“மத்தியானந்தான்.”

மத்தியானம் அவர் கீழக்கரையில், கரிக்கடை மீரா சாகிபுவோடு எடை போட்டுக்கொண்டிருந்தார். காய்ச்சலில் பிதற்றுகிறாள் என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நெற்றி குளிர்ந்து கிடந்தது. அடுப்படியிலிருந்து பஞ்சம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“ஏன் மச்சான், நான் குடுத்த கஞ்சியக் குடிச்சிட்டுத்தான போனீக? வண்டிச் சத்தங்கூடக் கேக்கல, எப்படி வந்தீகளோன்னு நெனச்சேன்.”

செல்லச்சாமிக்குக் கோபம் வந்தது. எவனோ ஒருத்தன் தன் வீட்டுக்குள் நடமாடுகிறான். இரண்டு பொம்பளைகளும் சேர்ந்து மறைக்கிறார்கள். ராத்திரி முழுக்க அந்த எண்ணந்தான் அவரைக் குடைந்தது.

மறுநாள் பரமக்குடிக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வண்டியை ஊருக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு, உச்சிவெயிலில் கொல்லைப்பக்கமாக நடந்து வந்தார். காக்கைகூடக் கத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

உள்ளே ராமலெட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் கேட்ட சிரிப்பு அது. கொலுசுக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே ஓர் ஆண்குரல், “ம்... அப்புறம்?” என்றது.

அது செல்லச்சாமியின் குரல். ஆனால் அவசரமில்லாத குரல். தன் குரல் அப்படி ஒலிக்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

எக்கிப் பார்த்தார். கட்டிலை ஒட்டிப் பாயில் ஒருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தோளில் கிடந்த துண்டு, கழுத்தோரம் வெட்டுக்காயத் தழும்பு, எல்லாம் இவருடையது. அந்த ஆள் ராமலெட்சுமியின் மரத்துப்போன பாதத்தை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

செல்லச்சாமி வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடிக் கதவைத் தள்ளினார். பாயில் யாருமில்லை. தைலவாடை மட்டும் இருந்தது. ராமலெட்சுமி அவரை ஏறிட்டுப் பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது.

“நீங்க எதுக்கு வந்தீக? அவுகதான் இருக்காகளே.”

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பரமக்குடி லாரி அவருக்காகக் காத்திருந்து காத்திருந்து போயே போய்விட்டது.

அந்த வாரமே கரிமூட்டக் குத்தகையை மீரா சாகிபுவிடம் மாற்றிவிட்டார். “நல்லா ஓடுற யாவாரத்த எவனாச்சும் விடுவானா மாப்ள? என்ன வந்துச்சு ஒமக்கு?” என்று சாகிபு திகைத்தார். “வீட்ல ஆள் இல்ல பாய்” என்றார் இவர். வத்தல் வியாபாரத்தைப் பங்காளி ஒருவர் எடுத்துக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் வந்து கூப்பிட்டுப் பார்த்து, வராமல் போகவே, அவர் இல்லாமலே கூட்டம் நடத்தினார்கள். நடக்கத்தான் செய்தது.

வீட்டில் உட்காருவது எளிதாக இல்லை. பாயில் உட்கார்ந்தால் கால் செருப்பைத் தேடிற்று; கை வண்டிச் சாவியைத் தேடிற்று. ராமலெட்சுமி அவரோடு பேசவில்லை. உச்சிப்பொழுதானால் அவள் பார்வை வாசலுக்குப் போய்விடும். ஒருநாள் நிதானமாகச் சொன்னாள்:

“கொஞ்சம் தள்ளி உக்காருங்க. அவுகளுக்கு எடம் வேணும்ல.”

அவர் தள்ளி உட்கார்ந்தார். பக்கத்தில் பாய் அமுங்குவதைப் பார்த்தார். கோரை ஒவ்வொன்றாக நெரியும் சத்தமும் கேட்டது. எழுந்து ஓடிவிட உடம்பெல்லாம் துடித்தது. ஓடவில்லை. தைலத்தை உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, அவள் பாதத்தைப் பிடித்தார். பாதம் ஏற்கெனவே சூடாக இருந்தது.

“கொலுசு... அப்புறம் கெடச்சுச்சா?” என்று கேட்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பி, “ஒங்ககிட்ட இன்னும் சொல்லலல்ல?” என்று முதலிலிருந்து தொடங்கினாள்.

பங்குனி, சித்திரை, வைகாசி என்று மாதங்கள் கடந்தன. சில நாள் பாய் அமுங்கும். சில நாள் அமுங்காது. பஞ்சம்மாள் இரண்டு கும்பாவில் கஞ்சி ஊற்றி வைப்பாள். இரண்டும் காலியாகும்.

ஆடி மாதம் கடற்காற்று மணலை வாரி இறைத்த ஒரு மத்தியானம், ராமலெட்சுமி அவர் கையைப் பிடித்து அருகே இழுத்துக்கொண்டாள்.

“அவுக இனி வரமாட்டாகளாம்.”

“யாரு சொன்னா?”

“அவுகளேதான். நீங்க இருக்கீகளாம், அது போதுமாம்.”

அவளுக்கு மூச்சு அடங்கும்வரை அந்தக் கை அவர் கைக்குள்ளேயே இருந்தது.

அதற்குப் பிறகு செல்லச்சாமி இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். சொந்த நிலத்து மிளகாயோடு நிறுத்திக்கொண்டார். காய்ச்சல், பிரசவம், முதுமை என்று எந்த வீட்டில் யார் படுத்திருந்தாலும் போய்ப் பக்கத்தில் உட்காருவார். அவர்கள் பேசினால் கேட்பார். அந்த மத்தியானங்களில் வந்தவர் யார் என்று பஞ்சம்மாள் மட்டும் எப்போதாவது வாய்விட்டுக் கேட்பாள். தெரியாது என்று தலையசைத்துவிட்டு, வேட்டியை உதறிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் நடந்துவிடுவார்.