ஆண்டு விழாவுக்குக் காத்திருந்த ஏழு சின்னங்கள்

ஆனந்தவல்லிக்கு நாற்பத்தாறு வயது. வலங்கைமானிலிருந்து ஆறு மைல் தள்ளி ஒரு வாய்க்கால் கரையில் இருந்த நடுநிலைப் பள்ளியில் தையல் டீச்சர். பதினோரு வருடங்களுக்கு முன் தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் எல்லா டீச்சர்களையும் கூப்பிட்டு, சாரணியர் படை ஒன்று தொடங்க மேலிருந்து உத்தரவு வந்திருக்கிறது, யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கேட்டார். மற்றவர்கள் சிரித்து மழுப்பினார்கள். மழுப்பத் தெரியாத ஆனந்தவல்லி அந்தப் படைக்குக் கேப்டன் ஆனாள். கூடுதல் சம்பளம் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்து ஒரு மணி நேரம் மைதானத்தில் நிற்க வேண்டும். அதனால் ஐந்து மணி பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸுக்குள் கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொள்ளும்.

எழுபதாம் வருடம் டிசம்பரில் தஞ்சாவூரிலிருந்து ஓர் அம்மாள் வந்து முதலுதவித் தேர்வு நடத்தினார். ஏழு பெண்கள் தேறினார்கள். அவர்களில் நன்றாகச் செய்தவள் எட்டாம் வகுப்பு வேம்பு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தெற்குத் தெருவில் கூலி வேலை செய்யும் குடும்பம். முறிந்த கைக்குத் தூளி கட்டச் சொன்னபோது, “வலிக்குதா? இறுக்கமா இருந்தா சொல்லு” என்று நோயாளியாக நடித்த பெண்ணிடம் அவள் கேட்ட விதத்தைப் பார்த்துத் தேர்வு நடத்தியவரே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

தை மாதம் தபாலில் ஏழு துணிச் சின்னங்கள் வந்தன. சட்டைக் கையில் தைத்துக்கொள்பவை; வட்டத்துக்குள் சிவப்புச் சிலுவை. அன்று மாலையே கொடுத்துவிட ஆனந்தவல்லி நினைத்தாள்.

“அவசரப்படாதீங்க டீச்சர். மாசி மாசம் ஆண்டு விழா. பெரிய ஆள் யாரையாவது கூப்பிட்டு அவர் கையால குடுப்போம். பள்ளிக்கூடத்துக்கும் பேரு” என்றார் வைத்தியலிங்கம்.

சரி என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். தேர்தல் அறிவித்தார்கள், ஆண்டு விழா தள்ளிப்போனது. அதே நேரத்தில் சம்பா அறுவடைக் கூலியில் தகராறு வந்தது. தெற்குத் தெருக்காரர்கள் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டார்கள். மிராசுதார் அமிர்தலிங்கம் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். வயலில் கைகலப்பு. வெளியூர்க்காரன் ஒருவனுக்கு மண்டை உடைந்தது. வரப்பில் ரத்தம் ஒழுக உட்கார்ந்திருந்தவனுக்குத் தன் தாவணியைக் கிழித்துக் கட்டுப் போட்டவள் வேம்பு. அதற்காகத் தெருவில் அவளை ஏசாதவர்கள் இல்லை. எதிராளிக்கா கட்டுப் போட்டாய் என்று அப்பன் இராஜாங்கம் கை ஓங்கினான். மறுநாளே அவனையும் இன்னும் பதினான்கு பேரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஊரில் ஊரடங்கு மாதிரி ஒரு தடையுத்தரவு. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. ஆண்டு விழா மறுபடியும் தள்ளிப்போனது. வேம்பு பள்ளிக்கு வருவதும் நின்றது.

பெண்கள் கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். முதல் மாதத்தில் வெள்ளிக்கிழமைதோறும், “சின்னம் எப்ப டீச்சர்?” என்றார்கள். பிறகு வாரம் ஒருத்தி. பங்குனியில் யாரும் கேட்கவில்லை. அதுதான் ஆனந்தவல்லியை உறுத்தியது. தேறிய அன்று அந்த ஏழு முகங்களிலும் இருந்த வெளிச்சத்தை அவள்தான் பார்த்திருந்தாள். இப்போது கொடுத்தாலும் அது பழைய பரீட்சைத்தாளைத் திருப்பிக் கொடுப்பது போலத்தான் இருக்கும்.

ஒரு வியாழக்கிழமை மிராசுதாரின் மகள் சௌந்தரநாயகி வந்து சொன்னாள்: “டீச்சர், வேம்பும் அவ அம்மாவும் ஒரத்தநாட்டுக்குப் போறாங்களாம். மாமா வீட்டுக்கு. சனிக்கிழமை.”

அந்தப் பெண்ணும் தேறிய ஏழு பேரில் ஒருத்தி. இதை யார் சொன்னது என்று ஆனந்தவல்லி கேட்கவில்லை.

சின்னத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம். அப்படிக் கொடுத்தால் அது மாத்திரைப் பொட்டலம் கொடுப்பது போல. கூடப் படித்தவர்கள் பார்க்க, இன்னது செய்தாய் என்று சொல்லிக் கொடுத்தால்தான் அது சின்னம். வெள்ளிக்கிழமை மாலை, “தெற்குத் தெருவுக்குப் போறேன். வர்றவங்க வரலாம்” என்றாள். ஆறு பேரில் நான்கு பேர் வந்தார்கள். அவர்களில் சௌந்தரநாயகியும் ஒருத்தி.

மரப்பாலம் தாண்டியதும் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

“அஞ்சு பேர் கூடக் கூடாது டீச்சர்.”

“கூட்டமில்லைங்க. பரிசு குடுக்கப் போறோம். பத்து நிமிஷம்.”

அவரும் களைத்துப்போயிருந்தார். “சீக்கிரம் முடிச்சுட்டு வாங்க” என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

வீட்டு வாசலில் சாமான் மூட்டைகள். வேம்பு பானைகளை வைக்கோல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைப் பார்த்ததும் கையைப் பாவாடையில் துடைத்தபடி எழுந்தாள். ஆனந்தவல்லி பெண்களை அரைவட்டமாக நிற்கச் சொன்னாள். மூட்டைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்துதான் நிற்க முடிந்தது. தெருக்காரர்கள் கதவுகளுக்குள்ளிருந்தே பார்த்தார்கள்.

“இராஜாங்கம் மகள் வேம்பு. தூளிக்கட்டு, தலைக்கட்டு, ரத்தம் நிறுத்துறது, மூழ்கினவங்களுக்கு மூச்சு வரவைக்கிறது, நாலுலயும் தேறினவ. இது உனக்கு ஜனவரியிலேயே வந்திருக்கணும். தாமதம் என்னோட தப்பு.”

வேம்பு மூன்று விரலால் வணக்கம் வைத்தாள். ஆனந்தவல்லி சின்னத்தைக் கொடுத்துவிட்டுக் கை குலுக்க இடது கையை நீட்டினாள். வேம்பு இடது கையால் அதைப் பிடித்தாள்.

பின்னால் நின்ற அவள் தாய் காத்தாயியின் முகம் சுருங்கியது. “எங்க புள்ளைக்குன்னா இடது கையத்தான் குடுப்பீங்களா டீச்சரம்மா?”

“இல்லம்மா, எங்க படையில எல்லாருக்கும் அப்படித்தான். இடது கைதான் நெஞ்சுப் பக்கம்” என்றாள் வேம்பு அவசரமாக.

சௌந்தரநாயகியும் மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து இடது கை கொடுத்தார்கள். காத்தாயி பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: “இத வச்சு என்னம்மா பண்றது? வேலை கிடைக்குமா?”

“கிடைக்காதுங்க. ஒண்ணும் கிடைக்காது. அவ செஞ்சதுக்கு அவளோடது, அவ்வளவுதான்.”

வேம்பு கேட்டாள்: “அன்னிக்கு வரப்புல கட்டுப் போட்டேனே, அதுக்கில்லையா டீச்சர்?”

“இது பரீட்சைக்கு. அதுக்குக் குடுக்க எங்கிட்ட சின்னம் இல்ல, வேம்பு.”

மற்ற மூன்று பெண்களின் சின்னங்களையும் சௌந்தரநாயகியுடையதையும் அங்கேயே கொடுத்தாள். மீதி இரண்டைத் திங்கட்கிழமை மைதானத்தில் கொடுத்தாள். அன்றைக்கே வைத்தியலிங்கம் விளக்கம் கேட்டுக் காகிதம் கொடுத்தார். மிராசுதார் தன் மகளைச் சாரணியர் படையிலிருந்து நிறுத்தினார்.

ஆண்டு விழா கடைசியில் ஆவணியில் நடந்தது. தலைமை தாங்க ஒரு கட்சிப் பிரமுகர். பந்தல் முழுக்கக் கறுப்பு சிவப்புத் தோரணம். முந்தின நாள் வைத்தியலிங்கம் கூப்பிட்டார்.

“சின்னத்தையெல்லாம் திரும்ப வாங்கி வையுங்க டீச்சர். மேடையில மறுபடி குடுக்கறாரு. போட்டோ எடுக்கணும்.”

“சட்டையில தைச்சாச்சுங்க.”

“பிரிச்சா போச்சு. நீங்கதானே தையல் டீச்சர்?”

அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. பிரிக்கவும் இல்லை. அவர் பெண்களிடமே கேட்டு ஐந்து சின்னங்களை வாங்கிக்கொண்டார். சௌந்தரநாயகி மட்டும் தன் சின்னத்தைக் காணோம் என்று சொல்லிவிட்டாள். மேடையில் தட்டச்சுப் பட்டியலை அப்படியே வாசித்தார்கள். “வேம்பு!” என்று ஒலிபெருக்கி கூப்பிட்டபோது யாரும் எழவில்லை. பிரமுகர் நீட்டிய கையோடு சற்று நின்றார். வைத்தியலிங்கம் வேறு பெண்ணைப் பார்த்துக் கண் காட்டினார், அவள் குனிந்துகொண்டாள். அடுத்த பெயரை வாசித்தார்கள்.

வேம்பு ஒரத்தநாட்டில் நடவுக்குப் போகிறாள் என்று ஆனந்தவல்லி ஒரு முறை கேள்விப்பட்டாள். பிறகு தகவல் இல்லை.

அதன்பின் பன்னிரண்டு வருடங்கள் ஆனந்தவல்லி அந்தப் படையை நடத்தினாள். சின்னம் எந்த வாரம் வருகிறதோ அந்த வெள்ளிக்கிழமையே, அரைவட்டமாக நிற்கவைத்து, யார் எதில் தேறினார்கள் என்று பெயர் சொல்லிக் கொடுத்துவிடுவாள். புதிதாக வந்த தலைமையாசிரியர்கள் விழா வரைக்கும் வைத்திருக்கலாமே என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். விளக்கிச் சொல்லும் தெம்பு அவளுக்கு இல்லை. “வந்துடுச்சுங்க, குடுத்துட்டேன்” என்பாள்.