புத்தகங்களுக்கு மூட்டிய நெருப்பு

ஊட்டியில் நான் படித்த கல்லூரியின் நூலகம் வெள்ளைக்காரன் விட்டுப்போன கல் கட்டடம். ஆடி மழையில் புத்தகங்களுக்குப் பூஞ்சை பிடிக்கும் என்று அங்கே கணப்பு மூட்டுவார்கள். கல்லூரியிலேயே நெருப்பு எரிந்த ஒரே அறை அதுதான். தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டிலிருந்து நனைந்துகொண்டே வரும் நான், ஈர ஸ்வெட்டரோடு அதன் பக்கத்தில் போய் உட்காருவேன்.

"நெருப்பு புஸ்தகத்துக்குங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார் நூலகர். அந்த 'ங்க' போட்ட மரியாதையைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை நான் வீட்டுக்கு எடுத்துப்போன புத்தகம் அட்டை முழுக்கப் பூஞ்சையோடு திரும்பியது. அதை எல்லோருக்கும் தெரியத் தூக்கிப் பிடித்து அவர் கேட்டார்: "ஏனுங்க, இத ஊட்டுல எங்க வெச்சிருந்தீங்க?"

"நாங்க படுக்கற எடத்துலதானுங்க" என்றேன்.