கோழிக்கு வருவது எனக்கும் வந்தது

சேலம் அஸ்தம்பட்டி டாக்டர் என் இதயப் பரிசோதனைத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதயத்துல ஒண்ணும் கோளாறு இல்லம்மா, இது ஸ்ட்ரெஸ்" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஸ்ட்ரெஸ்ஸுங்களா? அது கோழிக்குத்தானுங்க வரும்?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம். நாமக்கல் பக்கத்தில் எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே கோழிகள்தான். வெயில் ஏறினால் ஸ்ட்ரெஸ், ஊசி போட்டால் ஸ்ட்ரெஸ், தீவனம் மாறினால் ஸ்ட்ரெஸ். முட்டை குறைந்தால் பண்ணைக்காரர் வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான். அது பெண்டாட்டிக்கும் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

டாக்டர் சிரித்து முடித்து, மூச்சை மெதுவாக இழுத்து விடச் சொல்லிக் கொடுத்தார். "எதுக்குப் பயப்படுறீங்களோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாச் செஞ்சு பழகுங்க" என்றார். நான் பயந்தது காருக்கு. அதற்குச் சில வாரங்கள் முன்பு சேலம் பைபாஸில் ஒரு நீளமான டிரெய்லர் லாரி என்னை ஒட்டிக்கொண்டு போனபோது, நெஞ்சு படபடவென்று அடித்து, கை மரத்து, செத்தே போய்விடுவேன் என்று நினைத்து ஓரமாக நிறுத்தினேன். அன்றிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொட முடியவில்லை.

எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஓமலூரில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் மாசமாக இருந்தாள். எங்கள் பக்கத்து வழக்கப்படி கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய், விருந்து முடிந்து, பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நானே ஓட்டி வந்து அழைத்துப் போவேன் என்று அவளிடம் எப்போதோ சொல்லியிருந்தேன். வாடகைக் கார் பிடித்தால் போச்சு என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் கட்டுச்சோற்று நாளில் நான் பின் சீட்டில் உட்கார்ந்தால், அப்புறம் எந்நாளும் எனக்குப் பின் சீட்டுதான் என்று நன்றாகத் தெரிந்தது. அதை நினைத்தாலே அழுகை வந்தது.

மறுநாளே வைத்தியம் தொடங்கியது. டாக்டருடையது இல்லை, என் வீட்டுக்காரருடையது. ஸ்ட்ரெஸ் என்ற சொல் காதில் விழுந்ததோடு மனிதர் மற்றதைக் கேட்பதை நிறுத்தியிருந்தார். வெயிலில் வாடும் கோழிக்குக் கொடுப்பதுபோல, எலுமிச்சம்பழமும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர் நான் கேட்காமலே வந்துகொண்டிருந்தது. சாப்பாடு நேரம் தவறாமல் தட்டில் விழுந்தது. டிவி ஊமையானது. என்னைப் பார்க்க வந்த என் அக்காவை வாசலிலேயே நிறுத்தி, "சத்தம் போடாம வந்து பாத்துட்டுப் போங்க" என்றார். அவள் கட்டியிருந்த சிவப்புப் புடவையையும் ஒரு மாதிரி பார்த்தார். புது நிறத்தில் துணி உடுத்தி உள்ளே போனால் கோழி மிரளும் என்பதால், பண்ணையில் எல்லோரும் ஒரே நிறச் சட்டைதான் போடுவோம்.

"என்னையென்ன கூண்டுலயா அடைச்சு வச்சிருக்கறாரு உன்ற மாப்பிள்ளை?" என்று அக்காவிடம் கேட்டேன். அவளும் கிசுகிசுவென்றுதான் பதில் சொன்னாள்.

இத்தனை அமைதியில் எனக்குக் குணமாகவில்லை, மோசமானது. குக்கர் விசிலுக்கே தூக்கிவாரிப் போட்டது.

ஒரு காலையில் பண்ணைக்குப் போனேன். எங்களிடம் இரண்டு ஷெட். முதல் ஷெட்டில் குஞ்சுப் பருவத்திலிருந்தே நாள் முழுக்க ரேடியோ ஓடும், கோழிகள் சத்தத்துக்குப் பழகட்டும் என்று. இரண்டாவதில் ரேடியோ கெட்டுப்போய், மாற்றாமலே கிடந்தது. அன்றைக்கு அங்கே வேலைக்கார அக்கா கையிலிருந்து தகர வாளி நழுவி விழுந்தது. ஷெட் முழுக்க இறக்கையடித்துக் கத்தி, தூசி கிளம்பி, அடங்கவே வெகு நேரமாயிற்று. நான் அந்த வாளியை எடுத்துக்கொண்டு முதல் ஷெட்டுக்குப் போய் வேண்டுமென்றே கீழே போட்டேன். கோழிகள் தலையைத் திருப்பிப் பார்த்தன. பிறகு தீவனத்தைக் கொத்தப் போய்விட்டன.

வாளியோடு நேராக அவரிடம் போனேன். "ஏனுங்க, ரேடியோ இல்லாத ஷெட்டுல என்னைய அடைச்சு வச்சிருக்கறீங்க. மொதல் ஷெட்டுக்கு மாத்தி உடுங்க."

மனிதர் வாளியை என் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தார். "அதுவும் சரிதான் புள்ள" என்றார்.

கோழி பாஷையில் சொன்னால்தான் அவருக்கு ஏறும். அன்று மாலையே காரில் ஏறி, எஞ்சினை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்தோம். அடுத்து பண்ணை வாசல் வரை. அப்புறம் தீவன ஆலை வரை. அப்புறம் லாரிகள் போகும் ரோடு. பக்கத்தில் உட்கார்ந்து அவர் ஓயாமல் பேசுவார், பாடுவார். அவர் பாட்டைத் தாங்கிக்கொண்டவளுக்கு எந்த லாரியும் பெரிதில்லை. நெஞ்சு அடிக்கத் தொடங்கினால், அழையாமல் வந்த சொந்தக்காரரிடம் பேசுவதுபோல, "வந்துட்டியா, செத்த நேரம் உக்காந்துட்டுப் போ" என்று வாய்விட்டுச் சொல்லப் பழகினேன். அது உட்காரும். பிறகு தானாகவே கிளம்பிப் போகும்.

கட்டுச்சோற்று நாளும் வந்தது. சொந்தங்கள் வேனில் ஏற, நான் காரை எடுத்தேன். புளிச்சோற்றுப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சேலம் பைபாஸில் இரண்டு பக்கமும் லாரி. நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்து, மூச்சை மெதுவாக விட்டு, வந்த விருந்தாளியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். இவர் மழையைப் பற்றியும் மக்காச்சோள விலையைப் பற்றியும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே வந்தார்.

ஓமலூரில் இறங்கும்போதுதான் பார்த்தேன். பாத்திரத்தை இறுக்கிப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் பிரியவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒவ்வொரு விரலாக நான்தான் எடுத்துவிட்டேன். இருவரும் நடுரோட்டில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

விருந்து முடிந்து கிளம்பும்போது சம்பந்தியம்மா தயங்கினார். "வேன்லயே கூட்டிட்டுப் போலாமுங்களே." அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே உள்ளுக்குள் அந்தக் கேள்வி இருந்தது. மகளைப் பார்த்தேன். "உன்ற இஷ்டம் சாமி" என்றேன். அவள் கை நிறைந்த வளையல் குலுங்க, காரின் பின் கதவைத் திறந்து ஏறிச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

சேலம் தாண்டியதும் வளையல் சத்தம் நின்றிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன். கையை வயிற்றின் மேல் வைத்து, வாய் லேசாகத் திறந்திருக்க, அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தித் தோளைத் தொட்டு எழுப்பினேன்.

கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அதுக்குள்ள ஊடு வந்துருச்சாம்மா?" என்று கேட்டாள்.