உப்பு டப்பாவுக்கு என்ன நம்பர்?

போன சனிக்கிழமை காலை பத்தரை மணி. மீன் விற்கும் தனத்தின் மொபெட்டில், அவளுக்கும் ஐஸ் பெட்டிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து, படூரிலிருந்து கேளம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் பறந்தேன். நெஞ்சோடு அணைத்தபடி ஒரு பச்சை ஃபைல்.

காரணம்? அந்த வாரம்தான் நான் வீட்டை ஒழுங்குபடுத்தி முடித்திருந்தேன்!

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

நான் காலேஜ் லைப்ரரியன் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எந்தப் புத்தகம் கேட்டாலும் இரண்டு நிமிடத்தில் எடுத்து நீட்டிவிடுவேன். ஆனால் என் வீட்டில் கத்தரிக்கோல் கிடைக்க அரை நாள் ஆகும். கல்யாணமான நாளாக இதே கதைதான்.

திருந்தப் பார்க்காமல் இல்லை. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். ஒரு அம்மணி பருப்பையெல்லாம் ஒரே உயர ஜாடிகளில் நிரப்பி, அதன் முன்னால் நின்று கண் கலங்குகிறார். இன்னொருவர் பனியனை மடித்து நிற்க வைக்கிறார்... பனியன் ஏன் நிற்க வேண்டும்? எதுவும் என்னிடம் மூன்று நாளைக்கு மேல் தாங்கவில்லை.

அப்போதுதான் அந்த ஞானோதயம். ஊரார் முறை எனக்கு எதற்கு? எனக்கென்று ஒரு முறை இருக்கிறதே – லைப்ரரி!

ஒரே வாரம். இருபது பிளாஸ்டிக் பெட்டி. ஒவ்வொன்றின் மேலும், புத்தகங்களுக்குத் துறைவாரியாகப் போடும் லைப்ரரி நம்பர். சமையல் சாமான் 641. மருந்து 615. துணிமணி 646. எது எந்த நம்பர் என்று பார்க்க ஒரு நோட்டு. முடித்துவிட்டு ஹால் நடுவில் நின்றேன் பாருங்கள்... நானும் கண் கலங்கினேன்.

என் கணவர் தேவராஜ், ஸ்கூலில் பி.டி. மாஸ்டர். விசிலாலேயே பேசிப் பழகியவர் என்பதால் வாய் கொஞ்சம் கம்மி. அவரே கேட்டுவிட்டார்.

"ஸ்டெல்லா, உப்பு டப்பாவுக்கு என்ன நம்பர்?"

"நோட்டைப் பாருங்க."

"நோட்டு எங்க?"

"அது 025-ல இருக்கு."

உப்பில்லாமலே சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். பி.பி.க்கு நல்லதுதானே என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எந்த லைப்ரரியிலும் எந்த நம்பருக்கும் அடங்காத சில ஐட்டங்கள் மிஞ்சும். என் வீட்டிலும் மூன்று பெட்டி மிஞ்சியது. அவற்றின் மேல் 'பிறகு பார்க்கலாம்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவற்றை லாஃப்டில் ஏற்றச் சொன்னேன். அவரும் ஸ்டூல் போட்டு ஏற்றினார்.

மறுநாள் காலை. காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெஞ்சில் கையை வைத்தார்.

"இங்க என்னமோ பிடிக்குது."

இரண்டு வருஷம் முன்னால் செங்கல்பட்டில் ஸ்டென்ட் வைத்த மனுஷர். ஓடிப்போய் எதிர்க் கதவைத் தட்டினேன். எதிர் ஃபிளாட் முருகன் சார்தான் காரை எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டர், சின்னப் பெண். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"பழைய ஈ.சி.ஜி. இருக்கா மேடம்? இந்த மாற்றம் புதுசா, முன்னாடியே இருந்ததான்னு பார்க்கணும். என்னென்ன மாத்திரை எடுக்கறார்?"

"ஒரு சின்ன வெள்ளை மாத்திரை... ஒரு மஞ்சள்..."

டாக்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை. முருகன் சாரை இவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு ஓடினேன்.

615-ஐத் திறந்தேன். தைலம், தலைவலி மாத்திரை. இன்ஷூரன்ஸோடு வைத்தேனா? இல்லை. வாழ்க்கை வரலாறு 920? எங்கள் கல்யாண ஆல்பம் இருந்தது. மாலையும் கழுத்துமாக அவர் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தைப் பார்த்ததும் உடைந்துபோய் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அங்கே படுத்திருக்கிறவருக்கு வேண்டியது ஒரே ஒரு ஃபைல். இத்தனை நம்பர் எழுதிய கைக்கு அதை எடுக்கத் தெரியவில்லை.

கதவு திறந்தே கிடந்தது. சனிக்கிழமைதோறும் கோவளத்திலிருந்து மீன் கொண்டுவரும் தனம் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, சங்கரா கீது, சோக்கா... இன்னாக்கா இது? வூடு மாத்திகினு போறியா?"

அழுகைக்கு நடுவே விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணாத்தைக்கா? ஃபைலு இன்னா கலரு?"

"பச்சை."

ஒரு வாரமாக ஒவ்வொரு பொருளையும் எந்தத் துறையில் சேர்ப்பது என்று யோசித்தவளுக்கு அதன் கலரை யோசிக்கத் தோன்றவில்லை! தனம் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். லாஃப்டில் நான் தொடாமல் விட்டிருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் கவிழ்த்தாள். இரண்டாவது பெட்டியிலிருந்து வந்து விழுந்தது பச்சை ஃபைல்.

நோயில் சேர்ப்பதா, இன்ஷூரன்ஸில் சேர்ப்பதா என்று குழம்பி, என் புருஷனின் இதயத்தை 'பிறகு பார்க்கலாம்' பெட்டியில் போட்டிருக்கிறேன்.

"அழுவறத அப்பால வெச்சிக்க. ஏறு வண்டில," என்றாள் தனம்.

டாக்டர் இரண்டு ஈ.சி.ஜி.யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முகம் தெளிந்தது. "பழைய மாற்றம்தான். இருந்தாலும் பிளட் டெஸ்ட் ரெண்டு தடவை பார்த்துடலாம்."

சாயங்காலத்துக்குள் இரண்டு ரிசல்ட்டும் வந்துவிட்டன. பயமில்லை. தசைப்பிடிப்பு.

"ஃபைல் ரொம்ப நீட்டா வெச்சிருக்கீங்க மேடம். தேதிவாரியா, மாத்திரை லிஸ்ட்டோட... ஆனா ஏன் மீன் வாசனை?" என்றவர், இவர் பக்கம் திரும்பினார். "சார், நேத்து ஏதாவது வெயிட் தூக்கினீங்களா?"

அந்த ஃபைலை வரிசையாக பஞ்ச் செய்து அடுக்கியவர் என் கணவர்தான். வெயிட்டைத் தூக்க வைத்தவள் நான். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"பெரிசா ஒண்ணுமில்ல டாக்டர். கொஞ்சம் லைப்ரரி வேலை."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க லேபிள்களைக் கிழித்தேன். யோசித்துப் பார்த்தால், லைப்ரரி என்பது முன்பின் தெரியாதவர்கள் வந்து தேடுகிற இடம். என் வீட்டில் தேடப் போவது இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கு எதற்கு 025?

அதனால் இப்போது ஒரே கேள்விதான். தேடும்போது நம் கால் முதலில் எங்கே போகிறது? பொருள் அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும்! கத்தரிக்கோலுக்கு நான் முதலில் ஃபிரிட்ஜ் மேல்தான் தடவுகிறேன் – அதன் இடம் அதுதான். மூக்குக் கண்ணாடிக்கு அவர் ஷூ ஸ்டாண்டுக்குப் போகிறார். ஏன் என்று அவருக்கும் தெரியாது... நானும் கேட்கவில்லை. பச்சை ஃபைல்? "சாவி மாட்டற ஆணி," என்றார் உடனே. எனக்கும் அதேதான் தோன்றியது. கதவோரம் அந்த ஆணியில் ஒரு மஞ்சப்பை, அதற்குள் ஃபைல்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஷூ ஸ்டாண்டில் கண்ணாடியைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். ஒழுங்கு என்பது வந்து பார்க்கிறவர் கண்ணுக்கா, அவசரத்தில் தேடுகிறவர் கைக்கா?

இதையெல்லாம் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் உருக்கமாக எழுதினேன். அவரவர் கை போகும் இடத்தை அவரவரே கவனியுங்கள், யாரையும் காப்பி அடிக்காதீர்கள் என்று முடித்து, ஆணியையும் மஞ்சப்பையையும் போட்டோ எடுத்துப் போட்டேன்.

பத்து நிமிடத்தில் பதினோரு பதில். எல்லாவற்றிலும் ஒரே கேள்வி:

"மேடம், அந்த ஆணி எங்க கிடைக்கும்? லிங்க் ப்ளீஸ்!"