நான் காணாத பொதி

நான் பொய் எழுதிக் கொடுத்தேன். காணாத ஒன்றைக் கண்டேன் என்று எழுதி, கீழே கையொப்பமும் இட்டேன். அந்த ஒரு வரியால் ஒரு பெண்ணின் தொழில் போயிற்று. அவள் குற்றமற்றவள் என்பது எனக்குத் தெரியும்... வேறு எவரையும் விட எனக்கே நன்றாகத் தெரியும்!

இதைப் படிக்கும் நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். என்னை அறிந்தவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இன்றுவரை வரவில்லை.

திருகோணமலையில், கப்பல்துறைக் கிராமத்துக்கு அப்பால், காட்டோரமாக, ஒரு நிறுவனம் மருத்துவத் தேவைக்காகக் கஞ்சா வளர்க்கிறது. அரசாங்க அனுமதியோடுதான். விளைவது முழுவதும் ஏற்றுமதிக்கு. இரட்டை வேலி, கைரேகை வைத்தால் திறக்கும் கதவு, மூலைக்கு மூலை கமரா. அங்கே விதிகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் பொறுப்பாளர் நான். ஓர் இலை உதிர்ந்தாலும் அது எங்கே போனது என்று நான் பதில் சொல்ல வேண்டும். யாரையும் நம்பாதிருப்பதே என் வேலை. அதை நான் நன்றாகச் செய்தேன். மிக நன்றாக!

பர்சானா எங்கள் மருந்தாளர். கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். எங்கள் அனுமதிப்பத்திரத்தில் பொறுப்புடையவர் என்று ஒருவரின் பெயர் இருக்க வேண்டும். அவர் மருந்தாளராகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே நான் எழுதும் ஒவ்வொரு அறிக்கையும் அவள் ஒப்பமிட்ட பின்புதான் கொழும்புக்குப் போகும். “அக்கா, இதில ஒரு இடம் பிழைச்சிருக்கு” என்று மெல்லிய குரலில் சொல்லுவாள். பெரும்பாலும் அது பிழையாகத்தான் இருக்கும்.

அது எனக்கு வலித்ததா? வலித்தது. அதுதான் காரணமா? பொறுங்கள்... அதற்கு வருகிறேன்.

அந்த ஆண்டு மருத்துவக் கஞ்சா ஒழுங்குவிதிகள் பற்றிய மாநாடு திருகோணமலையில் நடந்தது. உட்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரு ஹோட்டலில், இரண்டு நாட்கள். கொழும்பிலிருந்து அதிகாரிகள், வெளிநாடுகளிலிருந்து நிபுணர்கள், எங்களைப் போன்ற நிறுவனங்களின் ஆட்கள். எங்கள் நிறுவனத்திலிருந்து நானும் பர்சானாவும். கண்ணாடிக்கு வெளியே கோதுமைக் கப்பலொன்று அசையாமல் நின்றது. உள்ளே எல்லோர் கழுத்திலும் பெயரட்டை தொங்கியது. பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் மற்றவரின் அட்டையைத்தான் பார்த்தார்கள், முகத்தை அல்ல.

அப்படியொரு கூட்டத்தை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். “உங்கட தோட்டம் எந்தப் பக்கம்?” என்று கேட்டால் “இஞ்சதான், கிட்ட” என்பார்கள். தேநீர் வேளையில் சாதாரணச் சட்டை போட்ட இருவர் சிற்றுண்டிக்குத் தந்த பற்றிஸைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமலே நின்றார்கள். பொலிஸ் என்று நான் முடிவு கட்டினேன். படமெடுத்த ஒருவரை உளவாளி என்று நினைத்தேன். மேடையில் ஒரு நிபுணர் சொன்னார், களவு போவது வேலிக்கு வெளியே இருப்பவனால் அல்ல, சாவி வைத்திருப்பவனால் என்று. மண்டபம் முழுவதும் தலையசைத்தது. நானும் அசைத்தேன். அசைத்தபடியே பக்கத்துக் கதிரையைப் பார்த்தேன்.

கதிரை வெறுமையாக இருந்தது. பர்சானா அங்கே இல்லை!

முதல் நாள் அவள் இரண்டு தடவை காணாமல் போனாள். கேட்டதற்கு “தலைவலி அக்கா, வெளிக்காற்றுக்குப் போனனான்” என்றாள். கைப்பையை மடியில் வைத்து இரு கைகளாலும் பொத்திக்கொண்டிருந்தாள். கைபேசி ஒளிர்ந்தால் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். இவை போதாதா எனக்கு? அன்று முழுவதும் அவளை நான் அளந்துகொண்டே இருந்தேன்.

இரண்டாம் நாள் பகல் உணவுக்குப் பின் அவள் எழுந்து போனாள். நான் பின்னால் போனேன். ஆம், பின்தொடர்ந்தேன்! வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் இரண்டு புள்ளிமான்கள் யாரோ எறிந்த சோற்றுப் பொதியை முகர்ந்துகொண்டு நின்றன. அவற்றுக்கு அப்பால், ஒரு வேனின் மறைவில், வெள்ளைக்காரர் ஒருவரோடு அவள் நின்றாள். பையிலிருந்து ஒரு பழுப்புநிறக் கடிதவுறையை எடுத்து நீட்டினாள். அவர் அதைத் திறந்து பார்த்தார், மூடினார், தன் தோள்பைக்குள் வைத்தார். அவள் கண்களைத் துடைத்தாள்.

நான் கண்டது இவ்வளவுதான். உறைக்குள் என்ன இருந்தது என்று நான் காணவில்லை. இதைத் திரும்பவும் எழுதுகிறேன்... நான் காணவில்லை!

நேராக உள்ளே போய் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிலிருந்து வந்திருந்த அதிகாரியிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்துக்காரர், அமைதியானவர். என்னை ஒரு சிறிய அறைக்கு அழைத்துப்போய் இருத்தினார்.

“கண்டனீங்களோ, இல்லாட்டி அப்பிடி இருக்குமெண்டு நினைச்சனீங்களோ? நினைச்சது மட்டும் போதாது, தங்கச்சி. உறைக்குள்ள இருந்ததைக் கண்டிருந்தா எழுதுங்கோ. காணேல்லை எண்டா இதோட விடுவம். ஒருத்தற்ற வாழ்க்கை.”

எவ்வளவு நேர்மையான கேள்வி! எனக்குத் தப்பும் வழியைத் திறந்து வைத்துவிட்டு அவர் காத்திருந்தார்.

“கண்டனான்” என்றேன்.

எழுதினேன். உறையைத் திறந்தபோது உலர்ந்த பூக்கள் கொண்ட சிறு பிளாஸ்டிக் பொதி தெரிந்தது என்று எழுதினேன். நிறத்தைக்கூட எழுதினேன். பச்சையும் மண்ணிறமும் கலந்தது என்று. இல்லாத பொதிக்கு நிறம் கொடுக்க எனக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது.

அந்த வெள்ளைக்காரர் அதற்குள் விமான நிலையம் போகும் வாகனத்தில் ஏறிவிட்டார். பர்சானாவின் பையை ஒரு பெண் பொலிஸ் மேசைமேல் கவிழ்த்தாள். பஸ் டிக்கெட்டுகள், முகத்துணி, ஒரு பனடோல் மாத்திரை அட்டை, சிறு பிள்ளையின் தலைமயிர்க் கிளிப் ஒன்று. வேறெதுவும் இல்லை.

“அது என்ட மகள்ட மெடிக்கல் ரிப்போட்” என்றாள் பர்சானா. “அவளுக்கு வலிப்பு வாறது. ஒரு மருந்தும் கேக்குதில்ல. அவர் பிள்ளைகளுக்குப் பாக்கிற டொக்டர். காட்டி வழி கேட்டனான். வேற ஒண்டுமில்ல, அல்லாஹ் அறிவான்.”

“அப்ப ஏன் ஒளிச்சுக் குடுத்தனீங்கள்?” என்று கேட்டார் அந்த அதிகாரி.

அவள் அந்தக் கிளிப்பை எடுத்துப் பைக்குள் வைத்தாள். அங்கே சொல்ல முடியாத காரணம் ஒன்று இருந்தது. வேலைக்குச் சேரும்போது எல்லோரும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். இந்தச் செடியால் குணமாகக்கூடிய நோய் குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அதில் ஒரு கேள்வி. அவள் இல்லை என்று எழுதியிருந்தாள். உண்டு என்று எழுதினால் களவெடுக்க வந்தவள் என்று நினைப்பார்களே என்ற பயம். பாருங்கள், அவளும் ஒரு பொய் எழுதியிருந்தாள். ஆனால் அவள் பொய் அவளை மட்டும்தான் சுட்டது.

விசாரணை முடியும்வரை அவள் வளாகத்துக்குள் வரக்கூடாது என்று நிறுத்தினார்கள். அன்று பின்னேரம் வீட்டில் மாநாட்டுக் கைநூலைப் புரட்டினேன். அந்த வெள்ளைக்காரரின் படம் இருந்தது. குழந்தை நரம்பியல் வைத்தியர். முதல் நாள் காலையில், நான் பதிவு மேசையில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில், வலிப்பு நோய் பற்றி அவர் பேசியிருக்கிறார். அவளுடைய ஒவ்வொரு சொல்லும் உண்மை என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

இதைவிடக் கேவலமான ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டு வாரங்களின் பின் அந்த வைத்தியரே, விஷயத்தைக் கேள்விப்பட்டு, எங்கள் நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் எழுதினார். தனக்குத் தரப்பட்டது ஒரு பிள்ளையின் மருத்துவ அறிக்கைதான் என்றும், பிரதியை இணைத்திருப்பதாகவும். நிர்வாகம் அதை என்னிடமே அனுப்பியது, விதிகளின்படி இதை ஏற்கலாமா என்று கேட்டு. இணைப்பைத் திறந்தேன். மூளையின் அலைகளைக் காட்டும் கோடுகள். ஹனா, வயது ஆறு.

மூடிவிட்டு எழுதினேன்: “இது சம்பந்தப்பட்ட தரப்பின் கூற்று. சுயாதீனமான சாட்சியாகக் கொள்ள முடியாது.”

விதிப்படி அது சரி! அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை. பர்சானா இருந்திருந்தால்கூடத் திருத்தியிருக்கமாட்டாள்.

எனக்கு என்னைப் பற்றி ஒரு விஷயம் விளங்கவேயில்லை. தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், இராணுவச் சுற்றிவளைப்பு நடந்த ஒரு காலையில் என் சித்தப்பாவை வரிசையில் நிறுத்தினார்கள். முகம் மூடிய ஒருவன் ஜீப்புக்குள் இருந்து தலையை ஆட்டினான். சித்தப்பா திரும்பி வரவில்லை. அப்படிக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போம், அந்தச் சொல்லை வெறுத்தே வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட நானா?

நானேதான். முகமூடிகூட இல்லாமல்!

ஏன் செய்தேன்? அவள் என் பிழைகளைத் திருத்தியதாலா? அவள் கிண்ணியாவிலிருந்து வந்த முஸ்லிம் பெண் என்பதாலா? எங்கள் லிங்கநகர்த் தமிழ்ப் பிள்ளையொன்று அந்த உறையை நீட்டியிருந்தால் நான் பின்னால் போயிருப்பேனா? இல்லை என்று ஒரு நாள் சொல்லுவேன், ஓம் என்று மறுநாள் சொல்லுவேன். என் சொந்தப் பதிலையே எனக்கு நம்ப முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் அவள் லிங்கநகருக்கு, என் வீட்டுக்கு வந்தாள். கேற்றடியில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். தேத்தண்ணி கொண்டுவந்தேன், தொடவில்லை. சண்டை பிடிக்க வந்திருக்கிறாள், யாரையோ வெளியில் நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள், கைபேசியில் என் பேச்சைப் பதிகிறாள் என்றெல்லாம் என் மனம் ஓடியது. அப்போதும்!

“அக்கா, நான் கோவமா வரல்ல” என்றாள். “ஒரு விஷயம் மட்டும் கேக்கணும். எழுதினது நீங்கதானெண்டு சொன்னாங்க. உங்கட கண்ணால கண்டீங்களா?”

நான் தேத்தண்ணிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“இல்ல அக்கா, எனக்கே இப்ப சந்தேகமா இரிக்கி. எனக்குத் தெரியாம ஆராச்சும் என்ட பையில என்னமும் வெச்சாங்களா? அந்த உறைக்குள்ள வேற என்னமும் இருந்ததா? நீங்க பொய் சொல்ற ஆள் இல்லயே. அதான் யோசிச்சு யோசிச்சு நித்திரையும் இல்ல. நீங்க கண்டதெண்டா, என்ட பையை ஆரு தொட்டதெண்டு நான் தேடணும்.”

கேட்டீர்களா? என் வாக்குமூலத்தை அவள் நம்பினாள்! என் பொய்யைச் சந்தேகிப்பதற்குப் பதில் தன் பையைச் சந்தேகித்தாள்.

“ஓம் பர்சானா” என்றேன். “கண்டனான்.”

அவள் தன் கைப்பையைத் திறந்து உள்ளே ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுந்து, “சரி அக்கா, அப்ப ஆரோ வெச்சிருக்காங்க” என்றாள். கேற்றைத் தானே சாத்திக்கொண்டு போனாள்.

விசாரணை எதையும் நிரூபிக்காமல் முடிந்தது. அவளைக் குற்றவாளி என்று எவரும் சொல்லவில்லை, திரும்ப எடுக்கவும் இல்லை. வீட்டில் அவள் தன் உறவுக்காரர் ஒவ்வொருவரிடமும் பையைத் தொட்டாயா என்று கேட்டாளாம். மச்சாள் ஒருத்தியோடு பேச்சே நின்றுபோனதாம். எங்களிடம் வேலைக்கு வரும் கிண்ணியாப் பெண்ணொருத்தி சொன்னாள். பிள்ளை எப்படி என்று கேட்டேன். “அப்பிடியேதான்” என்றாள். என்னுடைய சந்தேகம் என்னோடு நிற்காமல் பாலம் தாண்டி அந்த வீட்டுக்குள்ளும் போய்விட்டது.

அடுத்த மாநாட்டில் என்னை மேடைக்கு அழைத்தார்கள். தலைப்பு: விழிப்புடன் இருத்தல். அரைமணி நேரம் பேசினேன். பெயர் சொல்லாமல் அவள் கதையையே உதாரணமாகச் சொன்னேன்... கைதட்டினார்கள். முன்வரிசையில் அந்த யாழ்ப்பாணத்து அதிகாரி இருந்தார். அவர் கைகள் மடியில் கிடந்தன. அவருக்குத் தெரியுமா? கேட்க நான் துணியவில்லை. அவரும் கேட்கவில்லை.

சென்ற மாதம் அதிகாரசபையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. பர்சானா ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்தாளர் பதவிக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பழைய முறைப்பாடு ஒன்று இருப்பதால், நான் என் வாக்குமூலத்தில் உறுதியாக இருக்கிறேனா என்று கேட்டிருந்தார்கள். மாற்றம் இருந்தால் பதினான்கு நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்கும்படியும், பதில் வராவிடின் முன்னர் கூறியதே நிலைத்ததாகக் கொள்ளப்படும் என்றும் இருந்தது.

பதில் எழுதினேன். நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் “நான் காணவில்லை” என்ற இரண்டு சொற்கள் வரை வந்தேன். அதன்பின் என் வேலை, என் பெயர், பொய்ச்சாட்சிக்கு என்ன தண்டனை என்ற எண்ணம்... கிழித்துவிட்டேன்.

உங்களுக்கு இதை எழுத முடிகிறது. அவர்களுக்கு எழுத ஏலவில்லை. ஏனென்று கேளுங்கள்! நீங்கள் என்னை ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான்.

ஐந்தாவது பதில் இப்போது என் முன்னால் இருக்கிறது. இது முழுமையாக இருக்கிறது. கையொப்பமும் இட்டுவிட்டேன். உறையில் போட்டு ஒட்டியும் ஆயிற்று.

அவர்களின் கடிதம் வந்து இன்று பதினாறாம் நாள்.