செவெல் படிக்கட்டில் ஏமாந்த காவலாளி

பள்ளி முடித்ததும் எங்கேயாவது கிளம்பிவிட வேண்டும் என்று துடித்த எனக்கு, வாராவாரம் ஒரே மலைக்குப் போய்வரும் எடெல்மிரா அக்காவைப் புரிந்ததே இல்லை. ரங்காகுவா நகரில் அவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். ஆண்டெஸ் மலைச்சரிவில் ஆளொழிந்து நிற்கும் செவெல் என்ற சுரங்க ஊரைப் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டுவது அவர் வேலை. அங்கே தெரு கிடையாது, படிக்கட்டுகள்தான். அந்தப் படிகளில் ஓடி வளர்ந்தவர் அக்கா.

பயணிகள் அவரை மறக்காததற்குக் காரணம் ஒரு கதை. அந்தக் காலத்தில் செவெலுக்குள் சாராயம் கொண்டுவரக் கூடாது. ரயிலடியில் ஒரு காவலாளி மூட்டைகளைச் சோதிப்பார். ஒருத்தி வயிற்றில் சாராயப் பையைக் கட்டிக்கொண்டு கர்ப்பிணிபோல இறங்குவாள். காவலாளி அவளைக் கைத்தாங்கலாகப் படியேற்றி விடுவார். இரண்டு குளிர்காலம் இப்படியே நடந்தது. தொப்பையைத் தள்ளிக்கொண்டு அந்தக் காவலாளிபோல அக்கா நடந்து காட்டினால் கூட்டமே சிரிக்கும். அந்தக் காவலாளி அவருடைய அப்பா என்று எங்கள் தெருவுக்கு மட்டும்தான் தெரியும்.

போன நவம்பரில் அக்காவின் அப்பா நிபால்தோ தானும் வருவதாகச் சொன்னார். "முட்டி இன்னும் கொஞ்சம் தேஞ்சா அப்புறம் படத்துலதான் படியைப் பாக்கணும்" என்றார். படியில் அவரைப் பிடித்துக்கொள்ள நானும் கூடப் போனேன். பேருந்தில் அக்கா என் காதருகே குனிந்தார்.

"இன்னிக்கு அந்தக் கதை கிடையாது. நீயும் உளறி வைக்காத."

சொன்னபடியே ரயிலடியை வேகமாகக் கடந்தார். ஏற்கெனவே ஒருமுறை வந்துபோன ஒருவர் விடவில்லை.

"என்னங்க, அந்தக் குண்டுக் காவலாளியை விட்டுட்டீங்களே? அதைக் கேக்கத்தானே மாமியாரைக் கூட்டிட்டு வந்தேன்."

"நேரமாச்சுங்க" என்றார் அக்கா.

படியில் உட்கார்ந்திருந்த நிபால்தோ நிமிர்ந்தார். "சொல்லும்மா. நானும் கேக்கறேன்."

அக்கா சொன்னார். நடந்து காட்டவில்லை, அப்பாவைப் பார்க்கவும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. கிழவர் முழுவதும் கேட்டு முடித்தார்.

"எல்லாம் சரி. ஆனா தினமும் இந்தப் படியில ஏறி இறங்கினவன் எவன் குண்டா இருந்தான்?"

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். மாமியார்தான் கேட்டார்: "அப்போ அது நீங்கதானா? உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வராம என்ன? முதல் குளிர்ல இருந்த வயிறு அடுத்த குளிர்லயும் அப்படியே இருந்துச்சே."

"பிடிச்சிருக்கலாமே."

"படியெல்லாம் பனி உறைஞ்சு கிடந்துச்சும்மா. நான் அதட்டி, அவ ஓடி, வழுக்கி விழுந்து... நிஜமாவே உள்ள ஒண்ணு இருந்திருந்தா? ஏமாந்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். விஷயம் ஊருக்குத் தெரிஞ்சப்புறம் ரொட்டி வாங்கப் போனாக்கூட என்னைப் பார்த்து வயித்தைத் தடவிக் காட்டுவானுங்க."

இறங்கும்போது என்னை விலக்கிவிட்டு அக்காவே அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா இன்னமும் அந்தக் கதையைச் சொல்கிறார். தொப்பை நடையை விட்டுவிட்டார். வழுக்கும் படியில் ஒருவர் இன்னொருவர் முழங்கையைத் தாங்கி நடப்பதை நடந்து காட்டுகிறார். முன்புபோல அவ்வளவு சிரிப்பு வருவதில்லை.

அவர் வீடு திரும்பும் மாலைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்கும்.

"இன்னிக்குச் சிரிச்சாங்களா?"

"கொஞ்சம் சிரிச்சாங்கப்பா."

"குண்டுன்னு சொன்னியா?"

"இல்லப்பா."