இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே மடி

சென்ற ஆண்டு, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில், சேலத்திலிருந்து பரமத்தி வேலூருக்குத் திரும்பிய பேருந்தில் நடந்தது இது. எங்கள் கோயில் குடிலில் வைக்கும் இயேசு பாலன் சுரூபத்தின் கை உடைந்துவிட்டதால், ஒட்டிப் பெயிண்ட் அடிக்கச் சேலத்தில் கொடுத்திருந்தார்கள். அம்மா வீடு அங்கேதான் என்பதால், வாங்கி வருகிறேன் என்று நானாகவே சொல்லிவிட்டேன். சொன்ன நாளிலிருந்தே பயம். மறுபடி உடைந்துவிட்டால்?

பேருந்தில் உட்கார இடமில்லை. இடுப்பில் ஒன்றரை வயது மகன், கையில் சுரூபம் இருந்த அட்டைப்பெட்டி. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் வயதுப் பெண் ஒருவர் கை நீட்டினார்.

"கொழந்தயக் குடுங்க, நா மடில வெச்சுக்கறனுங்க."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணம்தான். ஆனால் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. கொடுக்காவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வாரோ என்றும் இருந்தது. கடைசியில் பெட்டியை நீட்டினேன். "இத வெச்சுக்குங்க. உடையற சாமான்."

"நல்லாருக்குதுங்க. கொழந்தய நம்பித் தரமாட்டீங்க, உடையறத மட்டும் தருவீங்க" என்று சிரித்தார். என் முகம் சுருங்கிவிட்டது.

ராசிபுரம் தாண்டியதும் ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டார். கம்பியிலிருந்து என் கை நழுவியது. மகனோடு சாயப்போன என்னை, அந்தப் பெண் ஒரு கையால் பிடித்து நிறுத்தினார். மறுகை பெட்டியை நெஞ்சோடு அணைத்திருந்தது. அந்த அணைப்பில் மூடி திறந்துகொண்டது.

"ஏனுங்க, இதுவும் கொழந்தைங்களா?"

"இயேசு பாலனுங்க. கிறிஸ்துமஸ் குடிலுக்கு."

"அடடா, இத்தன நேரம் தலகீழா வெச்சிருந்தனே" என்று பெட்டியைத் திருப்பி வைத்து, முந்தானையால் மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். "இப்பவாச்சும் அவனையுங் குடுங்க சாமி. ரெண்டு பேருக்கும் மடி பத்தும்."

கொடுத்தேன். மகன் அழவில்லை. பெட்டிக்குள் கைவிட்டு, சுரூபத்தின் ஒட்டிய கையைத் தடவிக்கொண்டே வந்தான். மற்ற நாளாக இருந்தால் தொடாதே என்று பதறியிருப்பேன். அன்று சும்மா நின்றேன். தோள் எவ்வளவு வலித்திருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

வேலூரில் இரண்டு பிள்ளைகளையும் பத்திரமாகக் கொடுத்தார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

இந்த ஆண்டும் குடில் வேலை தொடங்கிவிட்டது. வீடு தயாரா, மனம் தயாரா, எதையாவது மறந்துவிட்டேனா என்ற என் கவலைகளும்தான். ஆனாலும் திருவருகை மெழுகுத்திரியை ஏற்றும்போதெல்லாம் அந்த மடி நினைவுக்கு வருகிறது. வரப்போகிறவருக்கு நான்தான் இடம் தேடித் தரவேண்டும் என்று நினைத்திருந்தேன்; அன்று இயேசுவோ, அந்த மடியில் என் பிள்ளைக்கும் சேர்த்து முன்பே இடம் பிடித்து வைத்திருந்தார்.